இடைநிலைப்பள்ளி மாணவனின் தலைமைப் பண்பும் மனமுதிர்ச்சியும்: புகுமுக வகுப்பு முதல் மூன்றாம் படிவம் வரை

முன்னுரை

மாணவரின் தலைமைப் பண்பைப் பற்றிப் பேசும்பொழுது, சட்டையில் குத்தப்படும் சின்னமே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. மாணவர் தலைவன், கழகச் செயலாளன், விளையாட்டு அணித் தலைவன் ஆகிய பதவிகள் சான்றிதழில் இடம்பெறுகின்றன. பின்னர் மதிப்பெண்ணாகவும் மாறுகின்றன. மலேசியப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்து விழுக்காடு பல ஆண்டுகளாகப் புறப்பாட நடவடிக்கைகளுக்கு ஒதுக்கப்பட்டு வந்துள்ளதைப் பெற்றோர் நன்கறிவர். ஆயினும், சான்றிதழ் குறிக்கும் பதவிக்கும் அம்மாணவன் உண்மையில் எய்திய மனமுதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இக்கட்டுரை அவ்வினாவை மலேசியத் தமிழ் மாணவரின் சூழலில் வைத்து விளக்க முற்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேரும் மாணவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இவன் தனியொருவன் அல்லன்; இத்தகைய பள்ளிகளில் பலரிடம் காணத்தக்க இயல்புகளைத் திரட்டி நாம் அமைத்துக்கொண்ட மாதிரி. இவனைப் பற்றிக் கூறுவன மாணவியர்க்கும் பொருந்தும். பிறனொருவனின் தேவை தன்னை நம்பியிருக்கிறது என்பதை ஒரு மாணவன் உணரும் இடத்தில்தான் தலைமையும் முதிர்ச்சியும் ஒருங்கே தோன்றுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழ் மரபில் மாணவத் தலைமை

மாணவனே மாணவனுக்கு வழிகாட்டும் முறை தமிழர்க்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கல்வி நிறைவுறும் வகையை ஒரு கணக்காகவே கூறியுள்ளார். ஆசிரியரிடம் நன்கு பாடம் கேட்ட மாணவனுக்கும் புலமையில் கால்பங்கே வாய்க்கும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்பொழுதே கைகூடும் என்பது அந்நூற்பாக்களின் கருத்து. இக்கணக்கு புலமையைப் பற்றியது. எனினும், பண்பு வளர்ச்சிக்கும் இது பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இக்கருத்து நடைமுறை வடிவம் பெற்றிருந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணையாக நின்று இளையோரை மேற்பார்த்தான். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இத்தகைய பள்ளிக்கூட வாழ்க்கையைக் காட்டும் நூல்களுள் ஒன்றாகும். சென்னையில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகமொன்றை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். அதனை நடத்த ஆசிரியர்கள் முன்வராத நிலையில், சிறுவன் ஒருவனிடமே வகுப்பை ஒப்படைத்தார். அம்முயற்சியைப் பற்றி 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக மாணவரைக்கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறை 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

இவ்வரலாற்றில் பெருமிதத்தோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சட்டாம்பிள்ளை என்னும் சொல் இன்றைய பேச்சு வழக்கில் பிறரை மிரட்டி அதிகாரம் செய்பவனைச் சுட்டுகிறது. 'பெரிய சட்டாம்பிள்ளை' என்று ஒருவனைக் கூறுவது புகழ்ச்சியாகாது. வழிகாட்டியாக இருக்கவேண்டியவன் அதிகாரியாக மாறிவிடும் இடரை மொழியே பதிவுசெய்து வைத்திருக்கிறது எனலாம்.

பள்ளி மாறும் பருவம்

நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. அத்தகைய பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டு மாணவன் எல்லார்க்கும் அறிமுகமானவன். தலைமையாசிரியர் அவனைப் பெயர்சொல்லி அழைப்பார். சபைகூடலில் தேசியக் கோட்பாட்டை முன்நின்று சொல்பவன் அவனே. முதலாம் ஆண்டுக் குழந்தையின் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுபவனும் அவனே. நம் மாணவனும் அவ்வாறே இருந்தவன். பள்ளியின் முதன்மை மாணவர் தலைவன் என்னும் சின்னத்தை அவன் தாயார் இன்றும் அலமாரியில் வைத்துள்ளார்.

தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகின்றன. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர் அமைந்த கட்டமைப்பில், இடைநிலைக் கல்விக்காகத் தமிழ் மாணவர் வேறு பயிற்றுமொழிப் பள்ளிக்குச் செல்ல வேண்டியவராயினர். மலாய்மொழியில் குறித்த அடைவுநிலையை எட்டாதோர் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு பயிலும் பொருட்டு அமைந்ததே புகுமுக வகுப்பு. பதின்மூன்று வயதில் அவ்வகுப்பில் சேர்பவன் பதினாறு வயதில் மூன்றாம் படிவத்தை அடைவான். உடன் பிறந்த ஆண்டினர் ஒரு படிவம் முன்னே செல்ல, தான் ஓராண்டு பின்தங்கிவிட்டதாகவே அவன் எண்ணுகிறான்.

புதிய பள்ளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர். நம் மாணவனின் பெயரைச் சரியாக உச்சரிப்பவர் சிலரே. கடைவீதியில் பேசும் மலாய்மொழி அவனுக்கு நன்கு தெரியும். ஆனால் வரலாற்றுப் பாடநூலின் மலாய்மொழி வேறு. ஆசிரியர் வினவும்பொழுது விடை அவன் மனத்தில் தமிழில் இருக்கிறது. அதனை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் வினா அடுத்தவனிடம் சென்றுவிடுகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தபின் அவன் கையுயர்த்துவதையே விட்டுவிடுகிறான். சென்ற ஆண்டு முன்நின்று சொன்ன அதே தேசியக் கோட்பாட்டை இப்பொழுது கடைசி வரிசையில் நின்று முணுமுணுக்கிறான்.

உளவியலறிஞர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட தம் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். குமரப் பருவத்தில் ஒருவன் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல், தான் யார் என்னும் தன்னடையாளத்தைத் தேடுவதே என்பது அவர் கருத்து. இத்தேடலுக்குப் பள்ளி விடையளிக்காவிடில், வேறெவரேனும் விடையளிப்பர். பள்ளி வாயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் அண்ணன்மார் அவனைப் பெயர்சொல்லி அழைக்கின்றனர். அவனிடம் ஒரு வேலையையும் ஒப்படைக்கின்றனர். பள்ளி தராத மதிப்பை அவ்விடத்தில் அவன் பெறுகிறான். ஆதலால் தலைமைப் பண்பைப் பற்றிய இவ்வுரையாடல் மதிப்பெண்ணோடு முடிவதன்று. ஒரு மாணவன் பள்ளிக்குள் நிற்பானா, வாயிலைக் கடப்பானா என்பது இதில் அடங்கியுள்ளது.

முதற் பொறுப்பு: எண்ணிப் பார்த்தல்

மறு ஆண்டு நம் மாணவன் முதலாம் படிவத்திற்கு வந்தான். புகுமுக வகுப்பில் அவ்வாண்டு ஏழு தமிழ் மாணவர் சேர்ந்தனர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியை அவனை அழைத்து, முதல் இரண்டு கிழமைகளுக்கு அவ்வெழுவரையும் பேருந்து நிற்குமிடத்திலிருந்து வகுப்பறை வரை அழைத்துவருமாறு பணித்தார். சின்னமோ கடிதமோ தரப்படவில்லை. "நீ போன ஆண்டு எங்கெங்கே தடுமாறினாயோ, அங்கெல்லாம் இவர்களோடு நில்" என்பதே அவர் கூறியது.

இவ்வொப்படைப்பில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. அதுவரை அவனுடைய குறையாக இருந்த அனுபவம், அன்றுமுதல் அவனுடைய தகுதியாயிற்று. சிற்றுண்டிச்சாலையில் எவ்வரிசையில் நிற்பது, பாடநூல் இரவல் பெற எவ்வறைக்குச் செல்வது, அறிவியற்கூடத்தின் பெயர்ப்பலகை எவ்வாறிருக்கும் என்பனவற்றை நேராக முன்னேறிய மாணவரைவிட அவன் நன்கறிந்திருந்தான். தடுமாறியவனுக்கே தடுமாறும் இடங்கள் தெரியும்.

ஆயினும் அவன் உடனே சிறந்த வழிகாட்டியாகிவிடவில்லை. மூன்றாம் நாள் அவ்வெழுவரில் ஒருவன் வரவில்லை. அறுவரே வந்தனர் என்பதை அவன் கவனிக்கவுமில்லை. "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று ஆசிரியை வினவியபொழுது அவனிடம் விடையில்லை. மாலையில் அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்று விசாரித்தான். மூத்த மாணவர் இருவர் முதல்நாள் அவனுடைய பேருந்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டதும், அச்சத்தால் வீட்டில் சொல்லாமல் வயிற்றுவலி என்று படுத்துவிட்டதும் தெரியவந்தன. அச்செய்தியை ஆசிரியையிடம் தெரிவித்தான். மறுநாள் முதல் அச்சிறுவன் அவனோடு ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தான். நம் மாணவனும் ஒவ்வொரு காலையும் ஏழு வரை எண்ணத் தொடங்கினான்.

எண்ணுதல் மிக எளிய செயல். தலைமையின் தொடக்கம் இதுவே என்று கருதுகிறோம். தன்னைப் பிறர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதிலேயே குமரப் பருவத்தினரின் கவனம் பெரிதும் நிலைகொண்டிருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணுபவனின் பார்வையோ தன்னைவிட்டுப் பிறர்பால் திரும்புகிறது. நன்னூல் கூறும் கணக்கின்படி, உடன் பயில்வாரோடு சேரும் கால்பங்கைக் கடந்து, எடுத்துரைப்பதால் சேரும் அரைப்பங்கின் வாயிலை அவன் அன்று அடைந்தான் எனலாம்.

அதிகாரமும் அதன் பிழையும்

இரண்டாம் படிவத்தில் அவன் மாணவர் தலைவனாகத் தெரிவு செய்யப்பட்டான். சின்னமும் குறிப்பேடும் அவன் கைக்கு வந்தன. காலையில் வாயிலில் நின்று தாமதமாக வருவோரின் பெயர்களைக் குறித்துக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் ஒப்படைப்பது அவனது பணி. சில கிழமைகளில் அக்குறிப்பேட்டின் இயல்பு மாறியது. நண்பர் தாமதமாக வரின் அவன் பேனா அசையவில்லை. முன்பு தன்னைக் கேலிசெய்தவர் வரின், மணி அடித்து முடிக்கும் முன்னரே பெயர் எழுதப்பட்டது. ஒருநாள் பேருந்து பழுதானதால் தாமதித்த மாணவர் சிலரும் காரணம் கேட்கப்படாமலே தண்டிக்கப்பட்டனர். அவருள் ஒருவன், சென்ற ஆண்டு அவனோடு ஒரே இருக்கையில் அமர்ந்து வந்த அச்சிறுவன். அவன் ஏதும் கூறவில்லை; ஆனால் அன்றுமுதல் வேறு இருக்கையில் அமர்ந்தான்.

இந்நிலையைக் கெட்ட மாணவனின் செயலாகக் கருதுவது தவறாகும். அதிகாரத்தை முதன்முதலாகப் பெற்றவன், தான் இதுவரை கண்ட அதிகாரத்தையே பின்பற்றுகிறான். கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ப் வைட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1939இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. பத்து வயதையொட்டிய சிறுவர் கைவினைக் குழுக்களாக அமைக்கப்பட்டனர். வளர்ந்தோர் அக்குழுக்களை மூன்று வகையாக வழிநடத்தினர்: கட்டளையிடும் முறை, கலந்து முடிவெடுக்கும் முறை, முற்றும் கைவிட்டுவிடும் முறை. கட்டளையிடப்பட்ட குழுக்களில் சிறுவர் ஒருவர்மேல் ஒருவர் சினங்கொண்டனர், அல்லது உற்சாகமின்றி அடங்கிக் கிடந்தனர். தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. கலந்து முடிவெடுத்த குழுக்களில் தலைவர் இல்லாதபொழுதும் வேலை தொடர்ந்தது. தலைவன் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே தலைமையின் உரைகல் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. நம் மாணவன் வாயிலில் நின்ற நாள்களில் ஒழுங்கு இருந்தது; அவன் விடுப்பெடுத்த நாளில் அது இல்லை.

திருக்குறளின் அதிகார வைப்பும் இக்கருத்தோடு இயைந்து நிற்கிறது. செங்கோன்மை (55), கொடுங்கோன்மை (56) ஆகிய இரண்டையும் அடுத்து, பிறர் அஞ்சத்தக்கன செய்யாமையைக் கூறும் வெருவந்த செய்யாமையை (57) வள்ளுவர் அமைத்துள்ளார். அதனையடுத்து வருவது கண்ணோட்டம் (58). முறை செய்வதோடு ஆட்சி நிறைவடைவதில்லை. அஞ்சச் செய்யாமையும், அதற்கப்பால் பிறர் நிலையை இரக்கத்தோடு நோக்கும் கண்ணும் வேண்டும் என்பதை இவ்வைப்புமுறை புலப்படுத்துகிறது. அரசனுக்குக் கூறப்பட்டதாயினும், குறிப்பேடு ஏந்திய பதினைந்து வயது மாணவனுக்கும் இது பொருந்துவதே.

பெயர்ப் பட்டியலில் முறைகேடு இருப்பதைக் கட்டொழுங்கு ஆசிரியர் கண்டறிந்தார். சின்னத்தைப் பறித்துவிடுவது எளிய வழி. அவர் அவ்வழியை நாடவில்லை. தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு மன்னிப்புக் கேட்குமாறும், பதிவேட்டைத் தன் கையாலேயே திருத்துமாறும் பணித்தார். மேலும் ஒரு கிழமைக்குக் குறிப்பேடின்றி வாயிலில் நின்று, வருவோர்க்குக் காலை வணக்கம் கூறுவது மட்டுமே அவன் கடமையாயிற்று. கையில் குறிப்பேடு இல்லாத அந்நாள்களில்தான் வருவோரின் முகங்களை அவன் பார்த்தான். தாமதமாக வருவோருள் ஒருத்தி தம்பியைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு வருகிறாள் என்பதும், மற்றொருவன் அதிகாலையில் தந்தையோடு நாளிதழ் போடுகிறான் என்பதும் அப்பொழுதே தெரிந்தன. மீண்டும் குறிப்பேடு கைக்கு வந்தபொழுது, பெயருக்கு அருகில் காரணத்தையும் எழுதும் பழக்கத்தை அவனே தொடங்கினான்.

பிழை செய்தவனுக்குத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட்டதே இங்கு முதன்மையானது. தண்டனை மட்டும் பெற்றிருப்பின், அடுத்த முறை அகப்படாமல் செய்யக் கற்றிருப்பான். மன்னிக்கப்பட்டிருப்பின், பிழை சிறியதே என்று எண்ணியிருப்பான். தன் செயலால் துன்புற்றவனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டிய நிலை இவ்விரண்டிலும் கடியது, பயனும் மிகுதி. அச்சிறுவன் உடனே பழைய இருக்கைக்குத் திரும்பிவிடவில்லை. நம்பிக்கை, மன்னிப்புக் கேட்ட அன்றே மீள்வதில்லை என்பதையும் நம் மாணவன் கற்றுக்கொண்டான்.

பிற இன மாணவரோடு

தமிழ்ப்பள்ளியில் தன்னவர்க்கே தலைவனாக இருந்தவன், இடைநிலைப்பள்ளியில் மலாய், சீன மாணவர்க்கு முன்னும் நிற்கவேண்டியவனாகிறான். ஒரே வகுப்பில் அமர்த்திவிட்டால் ஒற்றுமை தானே வளரும் என்று கருதுவோர் உளர். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிப்பும் அவர்தம் துணைவரும் நடத்திய ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டுப் போட்டிகளில் ஈடுபடுத்தப்பட்டபொழுது பகைமை மூண்டது. இரு குழுக்களையும் ஒருங்கே உண்ண வைத்தும் பகை தணியவில்லை. முகாமின் தண்ணீர் வரத்து நின்றபொழுதும், வாகனம் ஓடாமல் நின்றபொழுதும் இருசாராரும் ஒன்றுசேர்ந்து உழைத்தபின்னரே உறவு மெல்லத் திருந்தியது. அச்சிறுவர் அனைவரும் ஒத்த பின்னணியினர்; ஆதலால் பல்லினச் சூழலுக்கு இம்முடிவை அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும், பொதுவான ஒரு தேவை மனிதரை இணைக்கிறது என்னும் அடிப்படை கருதத்தக்கது.

சாரணர் இயக்கம் இவ்வடிப்படையைப் பழைமையாகவே கையாண்டு வருகிறது. 1907இல் பிரௌன்சீ தீவில் ஏறக்குறைய இருபது சிறுவரைக்கொண்டு பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே அவர்கள் சிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணியும் ஒரு சிறுவனின் தலைமையில் இயங்கியது. நம் மாணவன் சாரணர் முகாமில் மூவினத்தவரும் அடங்கிய அணியொன்றில் இருந்தான். இரவில் பெய்த மழையில் கூடாரம் சரிந்தது, விறகும் நனைந்தது. மலாய் இலக்கணத்தைப் பற்றி எண்ண அங்கு நேரமில்லை. கயிற்றைப் பிடிக்கச் சொன்னான், பிடித்தனர். தானறியாத முடிச்சைச் சீன நண்பன் போட்டபொழுது அவன் சொற்படி கேட்டான். பிறர் சொல்வதைக் கேட்டு நடப்பதும் தலைமையில் ஒரு பகுதி என்பதை எந்தப் பயிலரங்கிலும் இவ்வளவு விரைவாகக் கற்பிக்க இயலாது. அதன்பின் வகுப்பறையிலும் அவன் கை மெல்ல உயரத் தொடங்கியது.

பதினைந்து பெயர்கள்

மூன்றாம் படிவத்தில் அவனுடைய பண்பை உண்மையாகச் சோதிக்கும் நிலையொன்று உருவாயிற்று. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி தானாக அமைந்துவிடும் பாடமன்று. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்யப்படவேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள வரையறை. அவ்வாண்டு முதலாம் படிவத்தில் தமிழ் எடுக்க முன்வந்தவர் பன்னிருவரே. மூவர் குறைந்தனர்.

தமிழ்மொழிக் கழகத்தின் தலைவனாக அப்பொழுது அவன் இருந்தான். சுவரொட்டி எழுதலாம், சபைகூடலில் உரையாற்றலாம் என்று உறுப்பினர் கூறினர். அவன் முதலில் செய்தது எண்ணியதே. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தும் தமிழ் எடுக்காதவர் யார் யார் என்று பட்டியலிட்டான்; ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு எழுதினான். தாமத மாணவரின் பெயருக்கு அருகில் காரணம் எழுதிப் பழகிய கை அது. தமிழில் விருப்பமில்லை என்று கூறியவர் சிலரே. வகுப்பு மாலையில் நடப்பதால் பேருந்து தவறிவிடும் என்பதே பலரின் இடர். கூடுதல் பாடம் பிற பாடங்களின் தேர்ச்சியைக் குறைக்கும் என்று பெற்றோர் சிலர் அஞ்சினர்.

கையொப்பமிடவேண்டியவர் பெற்றோர். ஆதலால் ஆசிரியையோடு அவர்தம் வீடுகளுக்குச் சென்றான். பேருந்து தவறுவோர் இருவர் இருவராகச் சேர்ந்து செல்லவும், மூத்த மாணவர் ஒருவர் இறுதிப் பேருந்து வரும்வரை உடனிருக்கவும் கழகம் ஓர் அட்டவணை அமைத்தது. பாடச்சுமையை அஞ்சிய தாயிடம் அவன் நீண்ட விளக்கம் கூறவில்லை. புகுமுக வகுப்பில் தான் வாய்திறவாமல் இருந்த ஆண்டையும், தமிழ் வகுப்பில் மட்டும் தன்னால் முழுமையாகப் பேச முடிந்ததையும், அந்த ஒரு பாடவேளையே தன்னைப் பள்ளியில் நிறுத்தியதையும் கூறினான். மூன்று ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத செய்தி அது.

இறுதியில் பதினாறு பெயர்கள் சேர்ந்தன. வகுப்பு அமைந்தது. எண்ணிக்கை போதாமல் போயிருப்பினும் நாம் அவனது வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிடமாட்டோம். தன் வெட்கத்தைப் பிறர்க்குப் பயன்படும் சான்றாக மாற்ற அவன் துணிந்ததே முதிர்ச்சியின் அடையாளம். உதவிக்கு வந்த மூத்த மாணவரின் அட்டவணையில், முன்பு இருக்கை மாறி அமர்ந்த சிறுவனும் தன் பெயரை எழுதியிருந்தான். இப்பொழுது அவன் இரண்டாம் படிவ மாணவன்.

ஆசிரியரும் பெற்றோரும் கருதவேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு ஏற்ற சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, பதவிக்கு முன்னர்ப் பொறுப்பு அளிக்கப்படவேண்டும். பொறுப்பு சிறிதாக இருக்கலாம். ஆனால் மெய்யானதாக இருத்தல் வேண்டும். அதனை அவன் செய்யாவிடில் ஒருவர்க்குக் குறையேற்படும் என்னும் நிலை இல்லையேல், அது வெறும் பயிற்சியாகவே முடியும். இரண்டாவதாக, தடுமாறும் மாணவரையும் இதற்குத் தெரிவுசெய்தல் வேண்டும். சிறந்த புள்ளி பெறுவோர்க்கே பதவிகளைப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தால் புகுமுக வகுப்பு மாணவர் தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றனர்.

மூன்றாவதாக, பிழைக்கு இடமளிக்கவேண்டும்; அதனைச் சரிசெய்யும் வழியையும் அமைத்துத் தரவேண்டும். நான்காவதாக, பெற்றோர் சின்னத்தைக் கண்டு மகிழ்வதோடு, "இன்று யாருக்கு உதவினாய்?" என்றும் வினவலாம். 1988இல் தொடங்கிய ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இலும், 2014இல் தொடங்கிய மூன்றாம் படிவ மதிப்பீட்டுத் தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. இவ்விரு தேர்வுகளும் இல்லாத நிலையில், இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவன் எவ்வாறு வளர்ந்தான் என்பதை அருகிருந்து காணும் பொறுப்பு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மிகுந்துள்ளது.

முடிவுரை

புகுமுக வகுப்பில் கடைசி வரிசையில் நின்ற மாணவன், மூன்றாம் படிவத்தில் பெற்றோர் முன் அமர்ந்து தன் கதையைக் கூறினான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் பெற்றது ஒரு சின்னம். அதனையும் ஒருமுறை தவறாகப் பயன்படுத்தினான். அவனை வளர்த்தவை ஏழு சிறுவரை எண்ணிய காலைகளும், குறிப்பேடின்றி வாயிலில் நின்ற ஒரு கிழமையும், மழையில் பிடித்த கயிறும், பதினைந்து பெயர்களுக்காக ஏறி இறங்கிய வீடுகளுமாகும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் தேவை அவனை நம்பியிருந்தது.

ஆண்டிறுதியில் கழகப் பொறுப்பை இரண்டாம் படிவ மாணவி ஒருத்தியிடம் அவன் ஒப்படைத்தான். பேருந்து அட்டவணையையும், காரணங்கள் எழுதிய பட்டியலையும் அவளிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் விளக்கிக் கூறினான். விளக்கி முடிக்க ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. பவணந்தியார் கூறிய அரைப்பங்கு அப்பிற்பகலில்தான் அவனுக்கு நிறைவடைந்தது எனக் கருதுகிறோம்.